‘இது ஓட்டை வண்டி’ என்று விளம்பரம் கொடுத்த கார் கம்பெனி! உண்மையைச் சொல்லி விற்கும் உத்தி வேலை செய்வது எப்படி?

"எங்க பொருள்தான் பெஸ்ட்" என்று சொல்லாத விளம்பரம் உண்டா? உண்டு. தன் பொருளைத் தானே குறை சொல்லி, அதை வைத்தே விற்றுக் காட்டிய கம்பெனிகள் இருக்கின்றன. இன்று ரீல்ஸில் ‘ஹானஸ்ட் ரிவ்யூ’ என்று ஒருவர் புது செல்போனைக் காட்டி, "ஒரே மைனஸ், பாக்ஸ்ல சார்ஜர் வராது" என்கிறாரே, அதன் வேர் 60 வருஷத்துக்கு முன்னால் போகிறது. அந்தக் கதையில் முதல் ஹீரோவும் பிறகு வில்லனும் ஒரே கம்பெனி என்பதுதான் சுவாரஸ்யம்.

எலுமிச்சைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

1960-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு கறுப்பு-வெள்ளை விளம்பரம் வந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் படம். அதற்குக் கீழே ஒரே வார்த்தை: ‘லெமன்’. அமெரிக்கப் பேச்சு வழக்கில், வாங்கிய நாளில் இருந்து மெக்கானிக் ஷெட்டே கதி என்று கிடக்கும் வண்டிக்கு அந்தப் பெயர். காசு கொடுத்து இடம் வாங்கி, ‘இது ஓட்டை வண்டி’ என்று கம்பெனியே போட்டால் எப்படி இருக்கும்? படிப்பவர் நின்றுவிடுவார்.

கீழே இருந்த விளக்கத்தைப் படித்தால் விஷயம் புரியும். படத்தில் இருப்பது ஆய்வில் ஃபெயில் ஆன கார். டேஷ்போர்டில் சாமான் வைக்கும் சின்னப் பெட்டியின் குரோம் பட்டையில் ஒரு பழுது. வாங்குபவர் கண்ணில் படுவதே சந்தேகம். அதற்காகவே அந்த வண்டியை நிறுத்திவிட்டார்களாம். ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் 3,389 பேருக்குச் சோதனை செய்வது மட்டும்தான் வேலை என்றும் விளம்பரம் சொன்னது. ஒப்புக்கொண்டது ஒரு கடுகளவு குறை. அதை வைத்து மனதில் பதிய வைத்ததோ, ‘இவ்வளவு கண்டிப்பா செக் பண்றாங்களா!’ என்ற எண்ணம்.

அந்த நேரத்தில் ஃபோக்ஸ்வேகனுக்கு வேறு வழியும் இல்லை. ஹிட்லர் காலத்தில் உருவான கார். உலகப் போர் முடிந்து 15 வருஷம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கர்களுக்கோ கப்பல் மாதிரி பெரிய கார்தான் பிடிக்கும். பெருமை பேசினால் யாரும் நம்பப் போவதில்லை. டாயில் டேன் பெர்ன்பாக் என்ற நியூயார்க் விளம்பர நிறுவனம் அதனால்தான் அடக்கி வாசித்தது. பீட்டில் அமெரிக்காவில் பெரிய ஹிட் ஆனது.

‘நாங்க நம்பர் 2’

இதே விளம்பர நிறுவனம் 1962-ல் ஏவிஸ் என்ற வாடகை கார் கம்பெனிக்கும் வேலை செய்தது. பல வருஷமாக நஷ்டத்தில் ஓடிய கம்பெனி அது. சந்தையில் முதலிடத்தில் ஹெர்ட்ஸ் அசைக்க முடியாமல் இருந்தது. ஏவிஸ் அதை மறைக்கவில்லை. நாங்கள் இரண்டாவது இடம்தான், அதனால் கூடுதலாக உழைக்கிறோம் என்று விளம்பரம் செய்தது. எங்கள் கவுன்டரில் கூட்டம் குறைவு என்பதைக்கூட வாடிக்கையாளருக்கு லாபமாக மாற்றிச் சொன்னது. ஒரே வருஷத்தில் கம்பெனி லாபத்துக்குத் திரும்பியது. கடுப்பான ஹெர்ட்ஸ், சில வருஷம் கழித்து, நாங்கள் ஏன் நம்பர் 1 என்று விளக்கிப் பதில் விளம்பரம் போட வேண்டியதாயிற்று. ஏவிஸ் அந்த வாசகத்தை 2012 வரை, சுமார் 50 வருஷம் வைத்திருந்தது.

ஆனால் உண்மையான துணிச்சல் என்றால் அது டோமினோஸ் செய்ததுதான். ஃபோக்ஸ்வேகன் சொன்னது சின்னக் குறை, ஏவிஸ் சொன்னது ஊருக்கே தெரிந்த விஷயம். 2009 டிசம்பரில் தொடங்கிய அமெரிக்க விளம்பரத்தில் டோமினோஸ், தங்கள் பீட்சா ருசியாகவே இல்லை என்று வாடிக்கையாளர்கள் கழுவி ஊற்றியதை அப்படியே காட்டியது. அடிப்பகுதி அட்டை மாதிரி இருக்கிறது, சாஸ் கெட்சப் மாதிரி இருக்கிறது என்ற புகார்களை கம்பெனியின் தலைமை அதிகாரிகளே கேமரா முன் ஒப்புக்கொண்டார்கள். கூடவே மாவு, சாஸ், சீஸ் எல்லாவற்றையும் மாற்றினார்கள். 2010-ன் முதல் மூன்று மாதத்தில், ஏற்கெனவே இயங்கிவந்த அமெரிக்கக் கடைகளின் விற்பனை, முந்தைய வருஷத்தைவிட 14.3 சதவீதம் கூடியது.

குறை சொன்னால் ஏன் பிடிக்கிறது?

1966-ல் அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவரது குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். வினாடி-வினா போட்டிக்கான ஆளைத் தேர்வு செய்யும் ஒலிப்பதிவு என்று சொல்லி, கல்லூரி மாணவர்களைக் கேட்கச் சொன்னார்கள். ஒரு ஆள் 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்கிறார். இன்னொருவர் 30 சதவீதம்தான். சில பதிவுகளில் கடைசியில் அந்த ஆள் காபியை மேலே கொட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்கும். கெட்டிக்காரர் காபியைக் கொட்டியபோது அவரை மாணவர்களுக்கு இன்னும் பிடித்துப்போனது. சுமாரான ஆள் கொட்டியபோது, இருந்த மதிப்பும் குறைந்தது.

விளம்பரத்திலும் இதுதான் நடக்கிறது. ஒருவர் தனக்கே பாதகமான ஒன்றைச் சொல்லும்போது, ‘இதையே மறைக்கலையே, மத்ததையும் மறைக்க மாட்டார்’ என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது. வாங்குபவரின் காவல் தளர்வது அந்த இடத்தில்தான். ஒன்றை ஒப்புக்கொண்டதை வைத்து மீதி எல்லாமே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது.

அதே கம்பெனி, 55 வருஷம் கழித்து

2015 செப்டம்பர் 18. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் மோசடி மென்பொருள் இருப்பதாக அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. புகைச் சோதனை நடப்பதை வண்டியே கண்டுபிடித்து, அப்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ரோட்டுக்கு வந்ததும் அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கும். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள் இதில் சிக்கின. இதே கார்களைத்தான் அமெரிக்காவில் ‘கிளீன் டீசல்’ என்று விளம்பரம் செய்து விற்றிருந்தார்கள். தலைமைச் செயல் அதிகாரி மார்ட்டின் வின்டர்கோர்ன் ஐந்தே நாளில் பதவி விலகினார்.

இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்வதாக கம்பெனி அறிவித்தது. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீடு செய்ய, கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

குரோம் பட்டையில் இருந்த பழுதை ஊருக்கே சொன்ன கம்பெனி, புகைக்குழாயில் இருந்த பழுதைச் சொல்லவில்லை. முதலாவதைச் சொன்னால் லாபம், இரண்டாவதைச் சொன்னால் நஷ்டம். 2019-ல் எலெக்ட்ரிக் கார்களுக்காக வந்த ஒரு விளம்பரத்தில், டீசல் மோசடிச் செய்தியையே தொடக்கமாக வைத்து மறுபடியும் பழைய பாணிக்குத் திரும்பியது ஃபோக்ஸ்வேகன். நீடித்ததா? 2021 மார்ச்சில் அதன் அமெரிக்கப் பிரிவு, பெயரை ‘வோல்ட்ஸ்வேகன்’ என்று மாற்றுவதாக அறிவித்தது. ஏப்ரல் ஃபூல் விளையாட்டா என்று நிருபர்கள் கேட்டபோது இல்லை என்றார்கள். கடைசியில் அது விளையாட்டுதான்.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் நடிப்பவருக்கும் இது பொருந்தும். 2022-ல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறைகளில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விளம்பரத்தின் ஓரத்தில் வரும் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ வகை அறிவிப்பு, வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். பெரிதாகச் சொன்னதைச் சின்னதாக மறுக்கவும் கூடாது. தமிழில் ஆஃபரை அறிவித்துவிட்டு ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் கண்டிஷன் போடும் விளம்பரங்கள் எத்தனை என்பதை டிவி பார்ப்பவர்களே எண்ணிக்கொள்ளலாம்.

ரீல்ஸ் ரிவ்யூக்களுக்கும் 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வந்தது. பணம் வாங்கியிருந்தாலும், பொருளை இலவசமாகப் பெற்றிருந்தாலும், டூர் போயிருந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும். ‘ஒரே மைனஸ் சார்ஜர்தான்’ என்று கேட்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு: போன் சூடாவது, அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்பது மாதிரி காசைப் பாதிக்கும் குறையைப் பேசினாரா? போனைக் கொடுத்தது யார் என்று சொன்னாரா?

சொல்லவில்லை, விளம்பரத்தை நம்பி வாங்கி ஏமாந்தாகிவிட்டது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். தமிழிலும் புகார் சொல்லலாம். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது. ரீல்ஸை எப்போது வேண்டுமானாலும் டெலீட் செய்துவிடுவார்கள்.