முகம்மதன் ஸ்போர்ட்டிங்: 1940-இன் மும்மகுடம்

1940 டிசம்பர் 12. இரண்டாம் உலகப் போர் தொடங்கி ஓராண்டும் மூன்று மாதங்களும் கடந்திருந்தன. புது தில்லியின் இர்வின் அரங்கில் அன்று டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் நடைபெற்றது. ஒருபுறம் ராயல் வார்விக்‌ஷயர் என்னும் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணி. மறுபுறம் கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம். வைஸ்ராய் லின்லித்கோ பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தார். நடுவராக நின்றவர் ஹர்னாம் சிங் என்ற இந்தியர். ஹாபிஸ் ரஷீதும் சாபுவும் அடித்த கோல்களால் முகம்மதன் அணி 2-1 என்ற கணக்கில் வென்றது. 1888-இல் தொடங்கப்பெற்ற அப்போட்டியில் இந்தியர் அணி ஒன்று வாகை சூடியது அதுவே முதன்முறையாகும்.

கோப்பைக்குப் பெயர் தந்த மார்ட்டிமர் டூரண்ட், ஆங்கில இந்திய அரசின் வெளியுறவுச் செயலராக இருந்தவர். ஆப்கானிஸ்தானத்தின் எல்லையாக 1893-இல் வகுக்கப்பட்ட டூரண்ட் கோடும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. படைவீரரின் உடல்நலத்துக்கென அவர் ஏற்படுத்திய போட்டியில் அரை நூற்றாண்டுக் காலம் படைப்பிரிவுகளே மாறி மாறி வென்று வந்தன. அந்தக் கோட்டிற்கு அருகிலுள்ள குவெட்டாவிலிருந்து வந்த ஜும்மா கான், கோப்பையை வென்ற முகம்மதன் அணியின் தடுப்பாட்டக்காரராகத் திகழ்ந்தார் என்பது வரலாற்றின் சிறியதொரு குறும்பு எனலாம்.

1891-இல் நிறுவப்பட்ட இக்கழகம் நாற்பதாண்டுகளுக்கு மேல் பெரிதும் அறியப்படாமலே இருந்தது. கல்கத்தா லீக்கின் முதற்பிரிவுக்கு அது 1934-இல்தான் உயர்ந்தது. உயர்ந்த அந்த ஆண்டிலேயே பட்டத்தையும் வென்றது! 1898 முதல் ஆங்கிலேய அணிகளைத் தவிர எவருக்கும் எட்டாதிருந்த பட்டம் அது. தொடர்ந்து 1938 வரை ஐந்தாண்டுகள் அதை எவரும் பறிக்க இயலவில்லை.

இவ்வெற்றிகளுக்கு வீரரின் திறமையோடு நிர்வாகத்தின் அறிவும் காரணமாயிருந்தது. அக்காலத்து இந்திய ஆட்டக்காரர்கள் வெறுங்காலுடன் ஆடினர். உலர்ந்த தரையில் அது விரைவைத் தந்தது. ஆனால் கல்கத்தாவின் கால்பந்துப் பருவமோ மழைக்காலம். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். நனைந்து கனத்த தோற்பந்தை உதைப்பதும் கடினம். ஆணி பதித்த பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயர் அங்கே மேலோங்கினர். கழகச் செயலர் சி.ஏ. அஜீஸ் இதனைக் கருத்தூன்றி நோக்கி, மழை நாட்களில் பூட்ஸ் அணிந்து ஆடுமாறு தம் வீரரைப் பயிற்றுவித்தார். ஆளும் இனத்தின் மேன்மை என்று பலர் எண்ணியிருந்த ஒன்று, பாதி காலணியின் மேன்மையே என்பது அதன்பின் புலனாயிற்று.

இரண்டாவது காரணம் இன்னும் கவனத்துக்குரியது. ஏனைய கழகங்கள் வங்காளத்து இளைஞரையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில், முகம்மதன் நிர்வாகிகள் நாடெங்கும் வீரரைத் தேடினர். பெங்களூரிலிருந்து பலர் வந்தனர். தில்லியிலிருந்து கோல் காவலர் உஸ்மான் ஜான் வந்தார். சமயத்தால் ஒரே சமுதாயத்துக்கு உரியதாயிருந்த கழகம், வீரரின் ஊர்களை நோக்கின், அன்றைய கழகங்களுள் எதனினும் இந்தியத் தன்மை மிக்கதாய் இருந்தது. இம்முரண்பாட்டை மனத்திற் கொள்ளாமல் அதன் வரலாற்றை எழுத முடியாது.

ஆனால் பலரும் அவ்வாறே எழுதிவிட்டனர். ஒரு சாரார் இக்கழகத்தின் எழுச்சியைப் பிரிவினையின் முன்னோட்டமாகக் காண்கின்றனர். மற்றொரு சாரார் ஏகாதிபத்தியத்தை வென்ற தேசிய அணியாக மட்டும் போற்றி, அதன் முஸ்லிம் அடையாளத்தைச் சொல்லக் கூசுகின்றனர். 1911-இல் மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றபோது நிகழ்ந்ததை இருசாராரும் நினைவுகூர்தல் நன்று. அவ்வெற்றியை மௌலானா முகம்மது அலியின் ‘காம்ரேட்’ இதழ் மனமுவந்து பாராட்டியது. கல்கத்தாவின் ‘முஸல்மான்’ இதழ், இந்துச் சகோதரரின் வெற்றியில் முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தார் அடைந்த பெருமகிழ்ச்சியைப் பதிவு செய்தது. முகம்மதன் அணியின் வெற்றிகளைக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் வங்க மொழியில் பாடியபோதும், அவற்றை இந்தியாவுக்கே வாய்த்த பெருமையாகக் கண்டார்.

நாளடைவில் அந்த உணர்வு குன்றியது உண்மை. 1937-க்குப் பின் வங்காள அரசியல் சமுதாய வழியில் பிளவுற்றது. முஸ்லிம் லீக் பிரமுகர்கள் கழகத்தின் புரவலராயினர். கழகத்தின் வெற்றி கட்சியின் வெற்றியாகவும் பேசப்பட்டது. ஆயினும் 1939-இல் ஐ.எஃப்.ஏ. நிர்வாகத்துடன் பிணக்குற்று முகம்மதன் லீக்கிலிருந்து விலகியபோது, அது தனித்து விலகவில்லை. ஈஸ்ட் பெங்கால், காளிகட் ஆகிய கழகங்களும் உடன் நின்றன. அவ்விரண்டும் இந்துக்களால் நடத்தப்பட்டவை. மைதானத்தின் சச்சரவுகள் எல்லாம் சமயச் சச்சரவுகள் அல்ல.

அவ்வாண்டு பட்டம் மோகன் பகானுக்குப் போயிற்று. 1940-இல் முகம்மதன் திரும்பி வந்தது.

அந்த ஆண்டு எத்தகையது! மார்ச்சில் ராம்கரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குக் கல்கத்தாவாசியான மௌலானா அபுல் கலாம் ஆஸாத் தலைமை ஏற்றார். அதே மாதம் 23-ஆம் நாள் லாகூரில் முஸ்லிம் லீகின் தீர்மானத்தை முன்மொழிந்தவர் வங்காள முதலமைச்சர் ஃபஸ்லுல் ஹக். இந்திய முஸ்லிம்களின் எதிர்காலம் பற்றிய இருவேறு விடைகளும் ஒரே நகரத்து மனிதர் இருவரிடமிருந்து புறப்பட்டன. லீக் ஆட்டங்கள் நடந்த மழைக்காலத்தில், ஜூன் 14 அன்று, பாரிஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. நவாப் சிராஜுத்தௌலாவுக்கு இழுக்காக நின்ற ஹால்வெல் நினைவுத்தூணை அகற்றக் கோரிப் போராட அழைத்த சுபாஷ் சந்திர போஸ் ஜூலை 2 அன்று கல்கத்தாவில் சிறைப்பட்டார். அக்கிளர்ச்சியில் இந்து மாணவரும் முஸ்லிம் மாணவரும் தோளோடு தோள் நின்றனர். அரசு இறுதியில் தூணை அகற்றியது. இத்தனை கொந்தளிப்பிற்கிடையே முகம்மதன் ஆறாம் முறையாக லீக் பட்டத்தைக் கைப்பற்றியது.

அடுத்துப் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை. இறுதியில் எதிர்நின்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி. 1937-இல் இதே இறுதியாட்டத்தில் முகம்மதனை வீழ்த்தி, அக்கோப்பையை வென்ற முதல் இந்திய அணி என்ற பெயரைப் பெற்றிருந்தவர்கள் அவர்கள். இம்முறை 1-0 என முகம்மதன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. தென்னகத்து முஸ்லிம்களின் இவ்வணியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதப்பெறுதல் வேண்டும்.

மூன்றாவதுதான் தில்லி. 1939-இல் போரின் காரணமாக டூரண்ட் போட்டி நடைபெறவில்லை. 1940-இல் அது சிம்லாவை விட்டு முதன்முறையாகத் தலைநகருக்கு இறங்கி வந்தது. இறுதியில் எதிர்ப்பட்ட வார்விக்‌ஷயர் படைப்பிரிவின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். அதன் மற்றொரு பட்டாலியன் அவ்வாண்டு மே மாதம் டன்கர்க் நோக்கிய பின்வாங்கலில் சிக்கியது. வோர்மூட் என்ற பிரெஞ்சுச் சிற்றூருக்கருகில் கைதிகளாகப் பிடிபட்ட அதன் வீரர்களை நாஜிப் படையினர் கொன்று குவித்தனர். தில்லியில் பந்தாடியவர்கள் அச்செய்தியின் நிழலைச் சுமந்தே களமிறங்கியிருப்பர். இந்தியரைப் பொறுத்தவரையோ, அவர்கள் கேளாமலே இந்நாடு போரில் ஈடுபடுத்தப்பட்டிருந்தது. அக்டோபரில் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஜவஹர்லால் நேரு உட்படப் பலர் சிறையிலிருந்தனர். வைஸ்ராயின் கண்முன் ஆளும் படையின் அணி தோற்றபோது எழுந்த ஆரவாரத்தில் சமுதாயப் பெருமிதம் எவ்வளவு, நாட்டுணர்வு எவ்வளவு என்று பிரித்து நிறுக்க யாரிடமும் தராசு இல்லை. ஆரவாரித்தவர்களே அவ்வாறு பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதே என் கருத்து.

1941-இல் லீக் பட்டமும் கேடயமும், 1942-இல் மீண்டும் கேடயமும் முகம்மதனுக்குக் கிடைத்தன. டூரண்ட் போட்டியோ 1950 வரை நடைபெறவில்லை. பத்தாண்டுகள் கழித்து அது மீண்டபோது வீரரின் ஊர்கள் இரு நாடுகளுக்குரியனவாகிவிட்டன. குவெட்டா ஒரு நாட்டில், பெங்களூரும் கல்கத்தாவும் மற்றொன்றில். நாடெங்கும் ஆளெடுத்த பழைய முறை இனி அக்கழகத்துக்கு இயலாததாயிற்று. அக்கழகம் அடுத்த டூரண்ட் கோப்பையை வென்றது 2013-இல். இடம் மீண்டும் தில்லி, கணக்கும் மீண்டும் 2-1.

இர்வின் அரங்கின் எதிரே புரானா கிலாவின் மதில்கள் நிற்கின்றன. 1947 செப்டம்பரில் வீடிழந்த தில்லி முஸ்லிம்கள் பல்லாயிரவர் அம்மதில்களுக்குள் அடைக்கலம் புகுந்து, லாகூர் செல்லும் இரயிலுக்காகக் காத்திருந்தனர். ஏழாண்டுகளுக்கு முன் எதிரிலிருந்த அரங்கில் ஆரவாரித்தவர் சிலரேனும் அவர்களுள் இருந்திருக்கக் கூடும். அந்த இறுதியாட்டத்தில் கோலைக் காத்து நின்ற தில்லிக்காரர் உஸ்மான் ஜானும் புலம்பெயர்ந்தார். 1950-இல் ஈரானுக்குச் சென்ற பாகிஸ்தானின் முதல் தேசிய அணிக்கு அவரே தலைவர்.