ராசிக்கல்லும் மாதக்கல்லும்

தாம்பரத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கு நவகிரகங்கள் தூரத்தில் இல்லை. பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயில் சனிக்கு, குன்றத்தூர் திருநாகேஸ்வரம் ராகுவுக்கு, கெருகம்பாக்கம் கேதுவுக்கு, சோமங்கலம் சந்திரனுக்கு, கொளப்பாக்கம் சூரியனுக்கு. கோவூர், போரூர், மாங்காடு, பூந்தமல்லியையும் சேர்த்தால் ஒன்பதும் கணக்காகிவிடும். கும்பகோணம் வரை போக முடியாதவர்கள் ஒரே நாளில் வேன் பிடித்துச் சுற்றி வருகிறார்கள். அப்படி வணங்கி வந்தவர்கள் ஜி.எஸ்.டி. சாலை நகைக்கடைக்குள் போனால், கிரகங்களுக்குரிய ராசிக்கற்கள் மோதிரமாகக் காத்திருக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு பட்டியலை வைத்திருக்கிறார்கள்: ஜனவரிக்கு கார்னெட், பிப்ரவரிக்கு அமெதிஸ்ட், மே மாதத்துக்கு மரகதம். இரண்டையும் ‘பிறந்த கல்’ என்றே சொல்லிக்கொள்கிறோம். இரண்டின் நோக்கமும் வேறு.

மாதக்கல்லின் வேர் பைபிளில் இருக்கிறது. யாத்திராகமத்தில் தலைமைக் குரு ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள் பதிக்கப்படுகின்றன. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசபஸ் அவற்றைப் பன்னிரண்டு மாதங்களோடு இணைத்துப் பேசினார். இன்று கடைகளில் புழங்கும் பட்டியலோ வியாபாரிகள் வகுத்தது. 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் கன்சாஸ் சிட்டியில் கூடி அதை முடிவு செய்தது. 1952இல் திருத்தினார்கள். 2002இல் டிசம்பருக்கு டான்சனைட்டையும் 2016இல் ஆகஸ்டுக்கு ஸ்பைனலையும் சேர்த்தார்கள். டான்சனைட் என்ற கல் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்டதே 1967இல்தான். வணிகம் வகுத்தது என்பதால் அதை நான் தாழ்வாக நினைக்கவில்லை. அந்தப் பட்டியல் யாரையும் பயமுறுத்துவதில்லை. ஓபல் போன்ற ஓரிரு கற்களுக்கு அங்கேயும் ஒரு காலத்தில் கெட்ட பெயர் இருந்தது உண்டு. ஆனால் அக்டோபரில் பிறந்தவருக்கு ஓபலை இன்று தயங்காமல் பரிசளிக்கிறார்கள்.

நம் மரபில் கல் பரிசுப்பொருள் அல்ல, பரிகாரம். சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவழம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்கு கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். எந்தக் கல் என்பதை ஜாதகத்தில் லக்னமும் நடக்கிற தசையும் பார்த்துத்தான் ஜோசியர் சொல்வார். எந்த விரல், எந்தக் கிழமை, தங்கமா வெள்ளியா என்பதும் உண்டு. மாணிக்கம் ஞாயிற்றுக்கிழமை மோதிர விரலில், நீலம் சனிக்கிழமை நடுவிரலில் என்பது பொதுவான வழக்கம். கல் உடம்பில் படவேண்டும் என்று மோதிரத்தின் அடிப்பக்கத்தைத் திறந்து கட்டச் சொல்வார்கள். பட்டறையில் ஆசாரி செய்யும் இந்த வேலையைப் பரதநாட்டியத்துக்கு அணியும் கெம்புக்கல் நகையோடு வைத்துப் பாருங்கள். அங்கே கல்லுக்குப் பின்னால் தகடு வைத்து மூடிவிடுவார்கள், மேடையில் ஒளி எதிரொளிக்க வேண்டும் என்பதற்காக. அது பார்ப்பவர் கண்ணுக்கு, இது அணிபவர் உடம்புக்கு.

குற்றமுள்ள கல் கேடு செய்யும் என்ற அச்சமும் பழையது. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நல்ல ரத்தினம் நன்மையும் தீய ரத்தினம் தீமையும் தரும் என்கிறார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் பார்க்கும் மதுரை ரத்தினக் கடைத்தெருவில், காகபாதம், களங்கம் முதலான குற்றங்கள் இல்லாத வைரங்கள் இருக்கின்றன. வாங்குபவர் குற்றம் பார்த்து வாங்கவேண்டும் என்ற அறிவு அன்றே இருந்தது. அந்தக் காப்பியத்தில் உயிரும் நீதியும் தொங்குவதே சிலம்புக்குள் இருப்பது மாணிக்கமா முத்தா என்பதில்தானே.

இரு மரபும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதற்கு நீலம் ஒன்றே போதும். ஐரோப்பாவில் அது ஞானத்துக்கும் விசுவாசத்துக்கும் அடையாளம், ஆயர்கள் அணிந்த கல், செப்டம்பர் மாதத்தின் கல். 1981இல் இளவரசி டயானாவுக்கு நிச்சயதார்த்த மோதிரமாக வந்தது இலங்கை நீலம்தான். அது இப்போது மருமகள் கேட் கையில் இருக்கிறது. அதே இலங்கை நீலத்தைப் பல்லாவரத்தில் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்து வந்தால், “முதல்ல ஜாதகத்தைப் பார்க்கச் சொல்லுங்க” என்பார் பெண்ணின் பாட்டி. நீலம் ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்பது நம் நம்பிக்கை. சில நாள் தலையணைக்கடியில் வைத்துக் கனவு எப்படி வருகிறது என்று பார்த்த பிறகே கட்டுகிறவர்கள் உண்டு.

சூரியனின் மகன் சனி, இருவருக்கும் ஆகாது என்பது புராணம். அதனால் மாணிக்கத்தையும் நீலத்தையும் சேர்த்து அணியவேண்டாம் என்பார்கள். கனிமவியலில் இரண்டும் ஒன்றே, அலுமினியம் ஆக்சைடாலான குருந்தம். குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். தந்தையும் மகனும் ஒரே ரத்தம் என்பதைப் புராணமும் சொல்கிறது, ஆய்வுக்கூடமும் சொல்கிறது. எனக்கு இது அலுக்காத வியப்பு.

என் வருத்தம் நகைக்கடைச் சுவரில் தொங்கும் ராசிக்கல் அட்டவணை மீது. அது ராசியை மட்டும் கேட்டு, ராசிநாதனின் கல்லைக் கையில் கொடுக்கிறது. ராகுவுக்கும் கேதுவுக்கும் சொந்த வீடு கிடையாது என்பதால், பன்னிரண்டு ராசிக்கும் ஏழு கல்லோடு கணக்கு முடிந்துவிடுகிறது. லக்னமும் தசையும் காணாமல் போகின்றன. மாதக்கல்லின் எளிமையை எடுத்துக்கொண்டு, நம் மரபின் பயத்தை மட்டும் அதில் ஏற்றியிருக்கிறோம். பயந்தவர்தான் ஏழரைச் சனிக்குக் கடன் வாங்கி நீலம் வாங்குகிறார். நம் முறையை நம்புகிறவர் அதை முழுசாகக் கடைப்பிடிக்கட்டும். அழகுக்காக வாங்குகிறவர் மாதக்கல்லைப் போல மனத்துக்குப் பிடித்ததை வாங்கட்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் ஏமாறுகிறார்.

எதை வாங்கினாலும் ஒன்றை மறக்காதீர்கள். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அல்ல. விரிசலில் கண்ணாடி நிரப்பிய மாணிக்கமும் செயற்கைக் கல்லும் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. ஆகவே கல்லுக்குத் தனியாக ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் கேளுங்கள். பில்லில் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.