சாதியை விலக்கிவிட்டுப் பால்புதுமையரைக் கற்பிக்க இயலுமா?

பாலினத்திலும் பாலீர்ப்பிலும் எது 'இயல்பு' என்பதை யார் தீர்மானித்தார்கள் எனக் கேட்பது பால்புதுமையர் ஆய்வு. ஆசிரியர் சொல்வதை மாணவர் சேமித்துவைக்கும் 'வங்கி முறை'யை மறுத்து, இருவரும் சேர்ந்து கேள்வி எழுப்புவது விமர்சனக் கற்பித்தல். பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். இவை பெருநகரங்களின் விவகாரம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி போன்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளுக்கே இவை கூடுதலாகத் தேவை என்பது நமது நிலைப்பாடு.

மாணவரின் சொந்த அனுபவத்திலிருந்து தொடங்குவது விமர்சனக் கற்பித்தலின் வழக்கம். ஆனால் கையில் கட்டிய கயிற்றின் நிறமே சாதியை அறிவிக்கும் நெல்லைச் சீமையில், 'உன் அனுபவத்தைச் சொல்' என்பது ஒரு தலித் மாணவரையோ திருநரையோ காட்டிக்கொடுக்கும் கட்டளையாகிவிடலாம். எனவே இங்கு வகுப்பு அரசாணையிலிருந்து தொடங்கட்டும்.

2014 ஏப்ரல் 15 அன்று வெளியான நால்சா தீர்ப்பு, பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்று, திருநர்களுக்கு இடஒதுக்கீடு வழங்கப் பணித்தது. 2015இல் தமிழ்நாடு அரசு அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினம் சாதிப் பட்டியலுக்குள் அடைக்கப்பட்டதால், பட்டியல் சாதித் திருநரின் இரட்டை ஒடுக்குமுறை கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனிப்பங்கு தரும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கிரேஸ் பானு உள்ளிட்ட தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் தொடர்ந்து கோரினர். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வரசாணையை ரத்துசெய்து, கிடைமட்ட ஒதுக்கீட்டுக்கு உத்தரவிட்டது.

நூறு இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 18, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 எனக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு தலித் திருநங்கை எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள். எவரும் தம்மை வெளிப்படுத்தாமலேயே சாதியும் பாலினமும் ஒரே கணக்காக விரியும்.

ஆசிரியரும் கற்பவரே என்பதற்கு நம் நீதிமன்றத்திலேயே சான்று உண்டு. சுஷ்மா வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பு குறித்துத் தமக்கிருந்த அறியாமையை ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் கற்ற பின்னரே 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். பாலினச் சார்பற்ற கழிப்பறை, சான்றிதழில் பெயர் மாற்றம், விழிப்புணர்வு ஆகியவை அவ்வுத்தரவு கல்வி நிறுவனங்களுக்கு வகுத்தவை. திருநர் சட்டம் 2019இன் 13ஆம் பிரிவும் பாகுபாடற்ற கல்வியைக் கடமையாக்குகிறது.

எனினும் பாடத்துக்குக் காவல் தேவை. இதே பல்கலைக்கழகம், 2017 முதல் முதுகலை ஆங்கிலப் பாடத்தில் இருந்த அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' நூலை, ஏபிவிபி எதிர்ப்பைத் தொடர்ந்து 2020 நவம்பரில் நீக்கியது. ஆகவே பாடத்தைச் சேர்க்கக் கோரும் மாணவர்கள், எழுத்துபூர்வமான காரணமும் ஆசிரியர், மாணவர் கருத்துக்கேட்பும் இன்றி எந்தப் பாடமும் நீக்கப்படக் கூடாது என்ற விதியையும் சேர்த்தே கோர வேண்டும்.