பழவேற்காடு: நம் வடக்கே ஒரு பழைய துறைமுகம்

விடுமுறை வந்தால் நம் பங்கு மக்கள் வேளாங்கண்ணிக்கோ மகாபலிபுரத்திற்கோ வண்டி பிடிக்கிறார்கள். வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவிலுள்ள பழவேற்காட்டைப் பார்க்காதவர்கள் தண்டையார்பேட்டையில் ஏராளம். நம் பகுதி வழியே ஓடி இன்று கழிவுநீராய்க் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாய் ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளை அங்கிருந்து கொண்டு வந்தது. 1806-இல் எண்ணூர் வரை வெட்டப்பட்டுப் பின்னர் பழவேற்காடு ஏரிக்கும் அப்பாலும் நீட்டப்பட்ட கால்வாய் அது.

கத்தோலிக்கரான நமக்கு அந்த ஊரோடு தனி உறவும் உண்டு. 1517-இல் மலாக்காவிலிருந்து வந்து பழவேற்காட்டில் இறங்கிய போர்த்துகீசியர் சிலரை, அங்கிருந்த ஆர்மேனிய வணிகர்கள்தான் மயிலாப்பூரில் திருத்தூதர் தோமையாரின் கல்லறைக்கு அழைத்துச் சென்றனர். சாந்தோம் போர்த்துகீசிய ஊராக உருவானது அதற்குப் பிறகே. பழவேற்காட்டிலுள்ள மகிமை மாதா திருத்தலம் 1515-ஆம் ஆண்டில் தொடங்கியது என்பது அவ்வூர் மரபு. இன்று நாம் காண்பது புதிய ஆலயம். பழைய கட்டடத்தை எதிர்பார்த்துச் செல்பவர்களுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

பழமையைக் காண டச்சுக் கல்லறைக்குச் செல்ல வேண்டும். வாயிலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பிள்ளைகள் முதலில் பயந்து, பின்பு அதன் அருகிலேயே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பொறித்த பெரிய கற்பலகைகள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. இவர்கள் 1613-இல் எழுப்பிய ஜெல்ட்ரியா கோட்டை, நம் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் இதுவே. இப்போது அங்கே முட்செடி மூடிய மேடும் அகழியின் தடமுமே மிச்சம்.

அவர்கள் வாங்கியது முக்கியமாகத் துணி. மலேசியாவில் கைலியை இன்றும் 'பெலக்காட்' என்பது இவ்வூர்ப் பெயரால்தான். துணியோடு மனிதரும் விலைபோயினர் என்பதைச் சுற்றுலா வருவோருக்கு யாரும் சொல்வதில்லை. பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட இக்கரையின் ஆண்களும் பெண்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். கற்பலகையில் பெயர் உள்ளவர்களுக்காக மட்டுமல்ல, பெயரே இல்லாமல் போனவர்களுக்காகவும் அங்கே ஒரு செபம் சொல்லலாம்.

ஏரி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் தர, முகத்துவாரம் வழியே கடல்நீர் வருகிறது. இரண்டும் கலப்பதால்தான் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் மீனவர் வீட்டில் அடுப்பு எரிவது கடினம். எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு இங்கு உண்டு. காசிமேட்டில் தொழில் செய்யும் நம் மக்கள் அங்குள்ள பெரியவர்களிடம் இதைக் கேட்டறிவது நல்லது. பறவைகளைக் காண வடகிழக்குப் பருவமழைக்குப் பின், மார்ச் வரை ஏற்ற காலம். பூநாரைகளைக் கூட்டமாகப் பார்க்க விடியற்காலையே செல்ல வேண்டும். தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழா அன்று, இங்கே உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். குழந்தைகளும் அதில் இருந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. ஆயினும் விழா நாள்களில் 'ஒரு ரவுண்டு போகலாம் சார்' என்று அழைப்பவர்கள் உண்டு. உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறுபவர்களும் உண்டு. படகு மீன்பிடிக்கக் கட்டப்பட்டது, முப்பது பேர் நின்று படம் எடுக்க அல்ல. அனுமதி இல்லாத படகில் ஏற வேண்டாம். முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும், அங்கே குளிக்கவும் வேண்டாம். அன்பியக் குழுக்களாகச் செல்லும்போது பொறுப்பாளர்கள் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். கரைக்குப் போனபின் சொன்னால் இளைஞர்கள் கேட்கமாட்டார்கள்.

செல்வது எளிது. தண்டையார்பேட்டை நிலையத்திலேயே கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பேருந்தில் சுமார் 20 கிலோமீட்டர். நேரம் இருப்பவர்கள் பொன்னேரியில் ஆரணியாற்றங்கரையிலுள்ள அகத்தீஸ்வரர் கோவிலையும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோவிலையும் பார்க்கலாம். பழவேற்காட்டில் பழைய பள்ளிவாசல்களும் உண்டு. இசுலாமியப் பெண்கள் பனை ஓலையில் முடையும் கூடைகளையும் பெட்டிகளையும் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு பெட்டிக்குப் பின்னால் எத்தனை மணி நேர வேலை என்பதை முடைபவரிடமே கேளுங்கள். மாலையில் திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கியவுடனேயே விசாரித்து வைத்துக்கொள்ளவும்.