எல்லை கடந்த அச்சோவியங்கள்
கெதே கொல்விற்ஸ் கண்காட்சி குறித்து ஒரு வரலாற்று நோக்கு

வண்ண ஓவியம் ஒன்றேயாகும். அதனைக் காண விரும்புவோர் அஃது இருக்கும் இடத்துக்குச் செல்லவேண்டும். அச்சோவியமோ ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகளாகப் பெறப்படுவது. ஒவ்வொரு பிரதியும் மூலப்படைப்பாகவே கொள்ளப்படும். ஆதலால் மக்களை நாடிச் செல்லும் ஆற்றல் இக்கலைக்கு இயல்பாகவே உண்டு. ஜேர்மனியக் கலைஞர் கெதே கொல்விற்ஸின் (1867–1945) படைப்புகள் இதற்குச் சிறந்த சான்றாகும். அவர் பிறந்து 150 ஆண்டுகள் நிறைவெய்திய 2017 இல், பேர்மிங்ஹாம் ஐகொன் கலைக்கூடமும் பிரித்தானிய நூதனசாலையும் இணைந்து அவரது அச்சோவியக் கண்காட்சியொன்றை ஒழுங்குசெய்தன. பேர்மிங்ஹாமில் தொடங்கிய அக்கண்காட்சி சாலிஸ்பரி, ஸ்வான்சீ, ஹல் ஆகிய நகரங்களுக்குச் சென்று, 2019 இல் இலண்டனை அடைந்தது.

கொல்விற்ஸ் முதலில் ஓவியராகவே பயிற்சி பெற்றவர். உலகின் அழகைப் போற்ற வண்ண ஓவியம் உகந்தது. வாழ்வின் இருண்ட பக்கத்தைக் காட்டக் கோட்டோவியமும் அச்சோவியமுமே ஏற்றவை என்னும் மக்ஸ் கிளிங்கரின் கருத்து அவரை அச்சுக்கலையின்பால் ஈர்த்தது. 1891 இல் மருத்துவரான கார்ல் கொல்விற்ஸை மணந்து, பேர்லினின் தொழிலாளர் குடியிருப்பொன்றில் வாழலானார். கணவரிடம் சிகிச்சைக்கு வந்த வறிய பெண்களின் வாழ்க்கை அவருக்குக் கருப்பொருளாயிற்று.

1844 இல் சைலீசிய நெசவாளர் நடத்திய கிளர்ச்சியை ஹவுப்ற்மன் நாடகமாக்கியிருந்தார். 1893 இல் அதனைக் கண்டமையே கொல்விற்ஸின் ‘நெசவாளர் கிளர்ச்சி’ என்னும் தொடருக்கு வித்திட்டது. மூன்று கல்லச்சுகளும் மூன்று செப்புத்தகட்டு அச்சுகளும் கொண்ட இத்தொடர், 1898 இல் பேர்லின் பெருங்கண்காட்சியில் இடம்பெற்றது. நடுவர் குழு பதக்கம் வழங்கப் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதனை மறுத்தார். அரசு மறுத்த அங்கீகாரத்தைக் காலம் வழங்கியது.

1914 ஒக்ரோபரில் அவரது இளைய மகன் பீற்றர் பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டான். அவன் தொண்டனாகப் படையிற் சேரத் தந்தை இசையாதிருந்தபோது, அவரை இணங்கச் செய்தவர் தாயே. அத்துயரின் வெளிப்பாடு ‘போர்’ என்னும் ஏழு மரச்செதுக்கு அச்சுகளாகும் (1921–22). இவற்றில் போர்க்களமோ பகைவனோ வெற்றியோ இல்லை. குழந்தையைப் பலியாக ஏந்தும் தாய், முரசறையும் மரணத்தைப் பின்தொடரும் இளைஞர், ஒருவரையொருவர் பற்றியழும் பெற்றோர், விதவையர், பிள்ளைகளை அணைத்து அரண்போல் நிற்கும் அன்னையர் ஆகியோரே உளர். கரும்பரப்பைக் கீறி எழும் வெண்கோடுகளில் தேவையற்ற எதுவும் எஞ்சவில்லை.

இத்தொடரின் முதலாவது அச்சான ‘பலி’யை, 1931 இல் கொல்லப்பட்ட இளம் எழுத்தாளர் ரூ ஷியின் நினைவாக, அவ்வாண்டிலேயே சீன எழுத்தாளர் லூ சுன் சஞ்சிகையொன்றில் வெளியிடச் செய்தார். 1936 இல் கொல்விற்ஸின் அச்சோவியத் தொகுப்பொன்றையும் அவர் வெளியிட்டார். சீனாவின் புதிய மரச்செதுக்கு இயக்கத்திற்கு இவை ஊக்கமளித்தன. அதே காலத்தில், 1933 இல் ஆட்சியேறிய நாசிகள் கொல்விற்ஸைப் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து விலகச் செய்திருந்தனர். தாயகத்தில் ஒடுக்கப்பட்ட கலை அயலகத்தில் வேரூன்றியது.

பிரித்தானியச் சுற்றுக் கண்காட்சியின் முக்கியத்துவம் இப்பின்னணியிலேயே விளங்கும். 1941 இல் ஸ்வான்சீயும் ஹல்லும் ஜேர்மனிய விமானக் குண்டுகளால் பேரழிவுற்றன. 1943 நவம்பரில் பிரித்தானிய விமானங்கள் பேர்லினைத் தாக்கியபோது கொல்விற்ஸின் இல்லமும் அங்கிருந்த படைப்புகள் பலவும் எரிந்தன. எனினும், அச்சோவியங்களின் பிற பிரதிகள் பல இடங்களில் எஞ்சியிருந்தன. பிரித்தானிய நூதனசாலையின் அச்சோவியப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த கம்பெல் டொட்சன் தாம் திரட்டிய அச்சோவியங்களை 1948 இல் அதற்கு உரித்தாக்கினார். அவர் திரட்டியவையே மேற்படி கண்காட்சியிற் பெரும்பாலும் இடம்பெற்றன. பகை நாடாயிருந்த ஒன்றின் தாயொருத்தி தன் மகனுக்காக அழுத அழுகையை, அந்நாட்டுக் குண்டுகளுக்கு உறவினரைப் பறிகொடுத்த நகரங்களின் மக்கள் கண்டனர்.

மலிவாகப் பரவ வல்ல அச்சோவியங்கள் இன்று அரும்பொருளாகிக் கண்ணாடிக்குப் பின்னே காக்கப்படுவது முரணானதே. சுற்றுக் கண்காட்சி அம்முரணை முற்றாக நீக்குவதில்லை. ஆயினும் தலைநகரில் அடைபட்ட கலையை அதன் இயல்பான பயணத்திற்கு மீட்டுத் தருகின்றது. ஒரு பிரதி எரிந்தாலும் மற்றொன்று பேசும் என்பதே அச்சோவியத்தின் வலிமை. துயருக்குத் தேச எல்லை இல்லை என்பதே கொல்விற்ஸ் அதன்மூலம் கூறிய செய்தி.