பள்ளி ஒருவர் கையில், பணம் மற்றொருவர் கையில்

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், தலைநகரான ரிச்மண்டுக்குத் தென்மேற்கே, அப்பமாட்டக்ஸ் நதி வடவெல்லையாக ஓட, புகையிலையையும் மரத்தையும் நம்பி வாழ்ந்த பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி, சரித்திரத்தில் பெயர் பெறுவதற்கு வெளித்தோற்றத்தில் யாதொரு காரணமும் இல்லாத சிற்றிடம். 1950ஆம் ஆண்டில் அதன் ஜனத்தொகை ஏறத்தாழ 15,000. அதில் பாதிக்குச் சற்றுக் குறைந்தவர் கறுப்பர். ஃபார்ம்வில் ஒன்றே பட்டணம் என்று சொல்லத் தக்கது. ஆயினும் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துக்கு முன்பே, 1775இல், தோன்றிய ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரியும், ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் லாங்வுட் கல்லூரியும் அச்சிறு எல்லைக்குள்ளேயே இருந்தன. இரண்டு கல்லூரிகளைத் தன்னிடத்தே வைத்துக்கொண்டிருந்த இந்தக் கவுண்டிதான் 1959 முதல் 1964 வரை, ஐந்து ஆண்டுகள், தன் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் பூட்டி வைத்திருந்தது.

கலகத்தாலோ கொள்ளைநோயாலோ நேர்ந்ததன்று இது. வருஷாந்தர வரவு-செலவுத் திட்டத்தில் பள்ளிக்கென்று எழுதவேண்டிய ஒரு தொகை எழுதப்படாமற் போனதால் நேர்ந்தது. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை அறிய அந்த ஊர் நிர்வாக முறையைச் சற்று விளக்கவேண்டும். சென்னை ராஜதானியின் ஜில்லா போர்டுகள் உயர்தரப் பள்ளிகளையும் நடத்தின, வரியும் வசூலித்தன. ஆகவே நம்மவர்க்கு இவ்விரண்டும் ஒரே ஸ்தாபனத்தின் வேலையாகவே தோன்றும். விர்ஜீனியாவில் அவ்வாறன்று. உபாத்தியாயர்களை நியமிப்பதும், கட்டடங்களைச் சொந்தமாக வைத்திருப்பதும், பள்ளிகளின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்டை அமர்த்துவதும் பள்ளி போர்டின் அதிகாரம். அந்த போர்டுக்கு ஒரு காசு வரி விதிக்கவும் உரிமையில்லை. வரி விகிதத்தை நிர்ணயிப்பதும் பணத்தை ஒதுக்குவதும் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படும் மேற்பார்வையாளர் சபையின் அதிகாரம். அந்தச் சபைக்கோ ஒரு பள்ளியையும் நடத்தும் பொறுப்பில்லை. வருஷந்தோறும் வசந்த காலத்தில் சூப்பரின்டெண்டென்ட் ஒரு மதிப்பீடு தயாரிப்பார். பள்ளி போர்டு அதை அங்கீகரித்து மேற்பார்வையாளர் முன் வைக்கும். மாநிலம் தரும் பங்கு போக மிஞ்சியதை அவர்கள் நிலவரி, சொத்துவரியிலிருந்து தரவேண்டும். போர்டின் அங்கத்தினரும் அக்காலத்தில் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். நீதிபதி நியமித்த ஒரு சிறு குழு அவர்களைப் பொறுக்கி எடுத்தது. பள்ளிக்குப் பணம் கேட்பவர் ஜனங்களுக்கு நேரே பதில் சொல்லத் தேவையில்லாதவர். பணம் தருபவர் பள்ளியைப் பற்றிப் பதில் சொல்லத் தேவையில்லாதவர். சமாதான காலத்தில் இந்த ஏற்பாடு சிக்கனத்துக்கு அனுகூலமாயிருக்கலாம்; விரோதம் மூண்டபோது அது என்ன செய்யும் என்பதற்கு பிரின்ஸ் எட்வர்டே உதாரணமாயிற்று.

விர்ஜீனியாவில் எல்லோருக்குமான இலவசப் பள்ளி என்பதே உள்நாட்டு யுத்தத்துக்குப் பிற்பட்ட சிருஷ்டி. விடுதலை பெற்ற கறுப்பர்களும் அங்கம் வகித்த சபை வகுத்த அரசியல் சட்டத்தின்படி 1870இல் அது ஆரம்பமாயிற்று. 1902இல் வேறொரு கூட்டத்தார் இயற்றிய புதிய சட்டம், வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே பள்ளியில் சேர்க்கலாகாது என்று விதித்தது. ஒரே போர்டு, ஒரே சூப்பரின்டெண்டென்ட், ஒரே வரிப்பணம். பள்ளிகள் மட்டும் இரண்டு விதம். பிரின்ஸ் எட்வர்டில் டி. ஜே. மெக்கில்வேன் என்பவர் 1918 முதல் 1956 வரை சூப்பரின்டெண்டென்டாக இருந்து இந்த இரட்டைக் கணக்கைப் பரிபாலித்தார். அவரைத் தனிமனிதராகக் குறை கூறுவதில் பயனில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த தொகையைக் கேளாமலிருப்பதே கெட்டிக்கார நிர்வாகம் என்று எண்ணும் அதிகாரிகள் எல்லாத் தேசங்களிலும் உண்டு.

1939இல் கறுப்புப் பிள்ளைகளுக்காக ஃபார்ம்வில்லில் ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி கட்டப்பட்டது. 180 பேருக்கென்று எழுப்பிய அக்கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள் 450க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். உடற்பயிற்சிக் கூடமோ, உணவுக் கூடமோ, முறையான விஞ்ஞானச் சாலையோ அங்கில்லை. வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியில் இவை யாவும் இருந்தன. இடநெருக்கடிக்குப் பரிகாரமாகப் பள்ளி போர்டு மரச்சட்டங்களின்மேல் தார்க்காகிதம் அடித்த கொட்டகைகள் சிலவற்றை எழுப்பிக் கொடுத்தது. குளிர்காலத்தில் அடுப்பருகே அமர்ந்தவர் வியர்க்க, தள்ளி அமர்ந்தவர் மேலங்கியைக் கழற்றாமல் நடுங்க, மழை பெய்தால் கூரை ஒழுக, அவற்றுள் பாடம் நடந்தது. பெற்றோர் சங்கத்தின் தலைவரும் பாப்டிஸ்ட் போதகருமான ஃபிரான்சிஸ் கிரிஃபினும், தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸும் மாதந்தோறும் போர்டின் கூட்டத்துக்குச் சென்று புதுக் கட்டடம் கேட்டார்கள். நிலம் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. பின்னர், இனி வரத் தேவையில்லை, செய்தி இருந்தால் சொல்லியனுப்புகிறோம் என்ற பதிலும் வந்தது.

பெரியவர்கள் காத்திருந்த இடத்தில் பிள்ளைகள் காத்திருக்கவில்லை. 1951 ஏப்ரல் 23ஆம் தேதி, பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் என்னும் மாணவி, தலைமையாசிரியரைத் தந்திரமாக ஒரு பொய்த் தொலைபேசிச் செய்தியால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவர் எல்லோரையும் சபா மண்டபத்தில் கூட்டி, வேலைநிறுத்தம் செய்யும்படி தூண்டினாள். இரண்டு வாரம் யாரும் வகுப்புக்குச் செல்லவில்லை. அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் ஒன்றுதான். ரிச்மண்டிலிருந்து வந்த வக்கீல்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பாகுபாட்டையே எதிர்ப்பதானால் வழக்கை எடுத்துக்கொள்கிறோம் என்றனர். மே 23ஆம் தேதி 117 மாணவர்களின் பேரில் வியாஜ்யம் தாக்கலாயிற்று. தலைமையாசிரியரின் உத்தியோகம் புதுப்பிக்கப்படவில்லை. பார்பராவைப் பெற்றோர் பாதுகாப்புக் கருதி அலபாமாவிலிருந்த தந்தையின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். இத்தனை வருஷமாக அகப்படாத நிலமும் பணமும் வழக்குத் தொடுத்த பிறகு அகப்பட்டுவிட, 1953இல் புதிய மோட்டன் பள்ளி திறக்கப்பட்டது என்பதையும் இங்கே குறிக்கவேண்டும்.

அந்த வழக்கு வேறு நான்கு வழக்குகளுடன் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தது. அவற்றைச் சேர்த்துப் பிரவுன் வழக்கென்று உலகம் அறியும். 1954 மே 17இல் பொதுப்பள்ளிகளில் நிறப்பாகுபாடு அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று தீர்ப்பாயிற்று. அதை அமல் நடத்தும் முறை குறித்த இரண்டாவது தீர்ப்பு 1955 மே 31இல் வெளியாயிற்று. அதே நாளில் பிரின்ஸ் எட்வர்டின் மேற்பார்வையாளர்கள் கூடி, வரும் ஆண்டுக்குப் பள்ளிகளுக்கென்று, சட்டப்படி கொடுத்தே தீரவேண்டிய குறைந்தபட்சத் தொகையான 1,50,000 டாலரை மட்டும் ஒதுக்கினார்கள். அதன் பின் அவர்கள் கைக்கொண்ட உபாயம் இன்னும் நுட்பமானது. வருஷத் தொகையை ஒருங்கே தராமல் மாதாமாதம் அளந்து கொடுத்தார்கள். கோர்ட்டின் உத்தரவு எந்த மாதம் வருகிறதோ அந்த மாதமே குழாயை அடைத்துவிடலாமல்லவா? கலந்த பள்ளிகளைவிடப் பள்ளியே இல்லாமை மேல் என்று 4,000க்கும் அதிகமான வெள்ளையர் கையொப்பமிட்ட மகஜர் ஒன்றும் 1956இல் அவர்களிடம் சமர்ப்பிக்கப்பட்டது.

மாநில அரசும் அப்பொழுது எதிர்ப்பில்தான் இருந்தது. ஆனால் பள்ளிகளை மூட கவர்னருக்கு இடமளித்த சட்டங்கள் 1959 ஜனவரியில் நியாயஸ்தலங்களில் தோற்றதும் விர்ஜீனியாவின் ஏனைய ஊர்கள் மெல்லப் பணிந்தன. பிரின்ஸ் எட்வர்டு பணியவில்லை. அந்த செப்டம்பரிலேயே கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கவேண்டுமென்று மே மாதத்தில் மேல்கோர்ட் உத்தரவிட, ஜூனில் மேற்பார்வையாளர் சபை பள்ளிக்கென்று வரியே விதிப்பதில்லை எனத் தீர்மானித்தது. யாரையும் எந்தப் பள்ளியிலிருந்தும் விலக்கவில்லை, பள்ளியே இல்லையே என்பது அவர்கள் வாதம்.

வெள்ளைப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,500 பேருக்கு பிரின்ஸ் எட்வர்டு அகாடமி என்ற தனியார் பள்ளி மாதா கோயில் அறைகளிலும் பிற மண்டபங்களிலும் உடனே தொடங்கிவிட்டது. முதல் வருஷம் நன்கொடையால் நடந்தது. இரண்டாம் வருஷம் மாநிலமும் கவுண்டியும் படிப்புதவித் தொகை தர முற்பட்டன: பிள்ளை ஒன்றுக்கு மாநிலம் 125 அல்லது 150 டாலர், கவுண்டி 100 டாலர், நன்கொடை கொடுத்தவருக்குச் சொத்துவரியில் கால் பங்குவரை தள்ளுபடி. வரிப்பணத்தால் பொதுப்பள்ளி நடத்த மறுத்த அதே சபை, வரிப்பணத்தால் தனிப்பள்ளியைப் போஷித்தது. 

கறுப்புப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்கு ஒன்றுமில்லை. சிலரை உறவினர் வீட்டுக்கு அனுப்பினர்; சிலர் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரியில் இடம் பெற்றனர்; குவேக்கர் சங்கத்தார் சிலரை வெளி மாநிலக் குடும்பங்களில் அமர்த்தினர். மற்றவர் புகையிலைக் காட்டுக்கு வேலைக்குச் சென்றனர், அல்லது வீட்டிலிருந்தனர். பிற்பாடு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, 5 முதல் 22 வயதுக்குட்பட்ட கறுப்பரிடையே எழுத்தறியாதோர் நூற்றுக்கு 3 என்ற நிலையிலிருந்து 23ஆகப் பெருகியிருந்ததைக் கண்டனர். ஏழை வெள்ளையரின் பிள்ளைகள் சிலரும் கட்டணம் கட்ட வகையின்றிப் படிப்பை இழந்தனர். அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பள்ளியில்லாத பள்ளி போர்டு ஒன்று இந்த ஆண்டுகளிலும் இருந்துகொண்டிருந்தது என்பது வேடிக்கையான உண்மை. வெள்ளையரின் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தைத் தனியாருக்கு விற்கும்படி நெருக்கடி வந்தபோது, 1960இல் அதன் அங்கத்தினரில் பெரும்பாலோர் உடன்படாமல் ராஜிநாமா செய்தனர். அவர்களும் பாகுபாட்டை விரும்பியவர்களே. ஆனால் பொதுச்சொத்தின் தர்மகர்த்தாக்களாக இருந்து அதை விற்றுவிட அவர்கள் மனம் துணியவில்லை. இந்தச் சரித்திரம் முழுவதிலும், நிர்வாகி ஒருவன் தன் கடமையின் எல்லையை உணர்ந்து நின்ற இடம் இது ஒன்றே என்பது என் அபிப்பிராயம்.

ஜனாதிபதி கென்னடியின் சகோதரரும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடி, இலவசக் கல்வி தராத பிரதேசங்களை எண்ணி, கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர் முதலியவற்றோடு பிரின்ஸ் எட்வர்டையும் சேர்த்து 1963இல் பேசினார். அவ்வருஷ செப்டம்பரில், தனியார் நன்கொடைகளைக் கொண்டு, முன்னாள் கவர்னர் கோல்கேட் டார்டன் தலைமையில், மூன்று வெள்ளையரும் மூன்று கறுப்பரும் அடங்கிய தர்மகர்த்தா சபை ஒன்று இலவசப் பள்ளிகளைத் திறந்தது. நியூயார்க் பக்கத்திலிருந்து வந்த நீல் சல்லிவன் சூப்பரின்டெண்டென்ட். வயதுக்கேற்ற வகுப்பென்பது அர்த்தமற்றுப் போயிருந்ததால் அவர் வகுப்புப் பிரிவையே நீக்கிவிட்டு, அவரவர் அறிந்த இடத்திலிருந்து தொடங்கச் செய்தார். சுமார் 1,500 பேர் வந்தனர். அவர்களுள் வெள்ளைப் பிள்ளைகள் தொடக்கத்தில் நால்வர்.

1964 மே 25இல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பு, பள்ளி நடத்தத் தேவையான வரியை விதிக்கும்படி மேற்பார்வையாளருக்கே கட்டளையிடலாம் என்று கீழ்க்கோர்ட்டுக்கு அதிகாரமளித்தது. நிர்வாக ரீதியில் பார்த்தால் இதுவே அத்தீர்ப்பின் ஜீவநாடி. சபையாரோ, ஆகஸ்டு மாதத்து இரவொன்றில், கோர்ட் தடை விதிக்குமுன், உதவித்தொகைச் செக்குகளை ராவோடு ராவாக அகாடமிப் பெற்றோருக்கு விநியோகித்துத் தீர்த்தார்கள்; அது கோர்ட் அவமதிப்பென்றும், பணத்தைத் திருப்பவேண்டுமென்றும் 1966இல் தீர்ப்பாயிற்று.

பொதுப்பள்ளிகள் 1964 இலையுதிர் காலத்தில் திறந்தன. வெள்ளையர் பெரும்பாலோர் நெடுங்காலம் திரும்பவில்லை. அகாடமி 1978இல் வரிவிலக்கை இழந்து, 1986இல்தான் கறுப்புப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. பழைய மோட்டன் பள்ளி 2001 முதல் பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. கல்வியிழந்தவர்க்குப் படிப்புதவி தர மாநிலம் 2004இல் ஒரு திட்டம் வகுத்தது.

இன்று அந்தக் கவுண்டியில் தொடக்க, நடு, உயர்நிலை என மூன்று பொதுப்பள்ளிகள் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. சுமார் 2,000 பிள்ளைகள் படிக்கின்றனர். விர்ஜீனியாவின் மற்றப் பள்ளிகளைப் போலவே இவற்றையும் மாநிலப் பரீட்சைகளின் சதவீதத்தால் எடை போடுகிறார்கள். நான்கு வருஷம் பள்ளியே காணாத பாட்டன் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளுக்கும் அளவுகோல் அதுவேதான். 1971இல் விர்ஜீனியா புதிய அரசியல் சட்டம் இயற்றியபோது, பள்ளிச் செலவில் உள்ளூர் தரவேண்டிய பங்கைத் தந்தே தீரவேண்டுமென்று அதில் எழுதி வைத்தனர். அதற்கு மேல் எவ்வளவு தருவதென்பது இன்றும் மேற்பார்வையாளர் சபையின் இஷ்டம். பள்ளி போர்டுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இன்றும் இல்லை.