ஈர அரிசி நாட்கள்

ஐப்பசி அமாவாசைக்கு நாலைந்து நாள் இருக்கையில் குன்றத்தூர்ப் பெண்கள் எங்கள் மாவு மில்லுக்கு ஈர அரிசி எடுத்துவரத் தொடங்குவார்கள். மற்ற நாளில் ஈர அரிசி என்றால் தயங்குவோம். கல்லில் அப்பும், வாயில் கட்டிய துணிப்பை நனையும், அடுத்து வருகிறவரின் கோதுமை வீணாகும். நோன்பு அரிசிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அதற்கென்றே ஒரு மெஷினைக் கழற்றித் துடைத்து, கல் கொத்தி வைத்துவிடுவோம். அமாவாசை முடிகிறவரை மிளகாயோ மல்லியோ சீயக்காயோ அதன் பக்கம் போகாது. மாமனார் போட்ட வழக்கம் இது. 1970களின் நடுவில் சோமங்கலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். அன்று முதல் இந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஊர் எதைச் சமைக்கிறது, எதை விட்டுவிட்டது என்பது தராசுக்கு முன்னால் தெரிந்துவிடும்.

தீபாவளிக்கு எல்லா ஊரிலும் பலகாரம் உண்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் அதோடு நோன்பும் உண்டு. பஞ்சாங்கத்தில் கேதார கௌரி விரதம் என்று போட்டிருக்கும். எங்களுக்கு வெறும் நோன்பு. முறைப்படி விஜயதசமியில் தொடங்கி 21 நாள் இருக்க வேண்டியது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் அப்படி இருந்து, கடைசி நாளில் கோயிலில் காப்புக் கட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் அமாவாசை ஒரு நாளோடு முடித்துக்கொள்கிறோம். ஆனால் அந்த 21 எங்களை விட்டுப் போகவில்லை. 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 மஞ்சள், 21 வாழைப்பழம், 21 இழைக் கயிறு. தட்டில் அடுக்கிச் சிவன் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் படைத்து, கயிற்றைக் கையில் கட்டிக்கொண்ட பிறகுதான் அதிரசத்தை வாயில் வைக்கலாம். சுடும்போது உதிர்ந்த தூளைக்கூடக் குழந்தைக்குக் கொடுக்கமாட்டார் என் மாமியார்.

பிருங்கி முனிவர் சிவனை மட்டும் வலம் வந்ததில் மனம் நொந்த பார்வதி, இந்த விரதம் இருந்து இறைவன் உடலில் பாதியைப் பெற்றாள் என்பது புராணம். வீட்டில் வாசிக்கும் நோன்புக் கதையில் புண்ணியவதி, பாக்கியவதி என்று இரண்டு அரசகுமாரிகளும் வருவார்கள். செல்வம் வந்த மிதப்பில் கயிற்றை அவரைக் கொடிமேல் வீசிய பாக்கியவதி எல்லாவற்றையும் இழப்பாள். எங்கள் தெருவில் இந்தக் கதைக்குப் பயப்படாத பெண்ணை நான் பார்த்ததில்லை. நோன்பு எல்லா வீட்டுக்கும் கிடையாது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வரும். வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் நின்றுபோகும். திரும்ப எடுக்க நோன்புள்ள இன்னொரு வீட்டுப் படையலோடு சேர்ந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பயம்தான் அதிரசத்தைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். முறுக்கு, சோமாஸ், ரவா உருண்டை, தட்டை எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுக் கடைக்குப் போன காலத்தில், அதிரசம் மட்டும் போகவில்லை. நாக்கு கேட்பதைக் கடையில் வாங்கலாம். சாமிக்கு நேர்ந்ததை வாங்கிவைக்க மனம் வரவில்லை.

சேக்கிழார் பிறந்த ஊர் என்பதால் எங்களுக்கு எதற்கும் பழமை தேடும் குணம் உண்டு. அவர் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர். கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தின் மேல் கொண்ட பற்றால் அவர் இங்கே எழுப்பியதாகச் சொல்லப்படும் நாகேஸ்வரர் கோயிலுக்குத்தான் எங்கள் வீட்டு நோன்புத் தட்டு போகும். அதற்காக அவர் காலத்திலேயே தீபாவளி நோன்பு இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். சங்க நூல்களில் கார்த்திகை விளக்கு இருக்கிறது, தீபாவளி இல்லை. ஆனால் பாகும் மாவும் சேர்ந்த பலகாரம் எங்கள் தொண்டை நாட்டுக்குப் புதிதல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கூவியர் கரிய சட்டியில் பாகு சேர்த்துச் செய்த வட்டப் பலகாரம் பாலில் கிடப்பதாக ஓர் உவமை வருகிறது. 15, 16ஆம் நூற்றாண்டுத் திருமலைக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி என்று சாமிக்குப் படைக்க ஏற்படுத்திய கட்டளைகள் இருக்கின்றன. அதிரசத்துக்குக் கோயில் தொடர்பு அன்றே இருந்தது.

கல்வெட்டில் வராத ஒன்று, அரிசியை இடித்தது யார் என்பது. மாமியார் சின்னப் பெண்ணாக இருந்தபோது நோன்புக்கு இரண்டு நாள் முன்பே உரல் முற்றத்துக்கு வந்துவிடுமாம். ஊறவைத்து நிழலில் உலர்த்திய அரிசியை இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டு இடிப்பார்கள். ஒருத்தி சலித்துக்கொண்டே இருப்பாள். சல்லடையில் நிற்கும் கப்பி மறுபடி உரலுக்குப் போகும். ஈர அரிசி உலக்கையைப் பிடித்துக்கொள்ளும். தோள் இற்றுப்போகும் வேலை. நிலம் வைத்திருந்த வீடுகளில் அதைச் செய்தவர்கள் அந்த நிலத்தில் நாற்று நட்ட பெண்கள். கூலியாகக் கொஞ்சம் நெல், கடைசியில் மிஞ்சிய கப்பி, தீபாவளிக்கு மறுநாள் புறவாசலில் நாலைந்து அதிரசம். 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை, அவர்களில் பலர் நோன்புத் தட்டைக் கோயிலுக்குள் எடுத்துப்போக முடியாது. சட்டம் வந்த பிறகும் வழக்கம் அடுத்த வருஷமே மாறிவிடவில்லை. பாட்டி கைப்பக்குவம் என்று பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த உலக்கைக் கைகளின் நினைவு வரும்.

மாமனார் 1960களின் தொடக்கத்தில் ஆயில் என்ஜின் வாங்கி மில் வைத்தார். முதல் தீபாவளிக்கு நோன்பு வீட்டுப் பெரியவர்கள் யாரும் வரவில்லை. தோல் பெல்ட் சுற்றுகிற இடத்தில் சாமி மாவு அரைபடலாமா என்று கேட்டார்கள். மாமனார் துணி பெல்ட் மாற்றினார், கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். அதைவிட உலக்கை போட ஆள் கிடைக்காமல் போனதுதான் அவர்களைக் கொண்டுவந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது, பல்லாவரம் குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் வேலை இருந்தது, ஊர்ப் பெண்கள் சித்தாள் வேலைக்குப் போனார்கள். கையில் காசு கூலி வந்தவர்களுக்கு இன்னொரு வீட்டு முற்றத்தில் இடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பெண்களே தங்கள் அரிசியை அன்னக்கூடையில் எடுத்துக்கொண்டு மில் வரிசையில் வந்து நின்றார்கள். தறிக்கார வீட்டம்மா, முதலியார் வீட்டு ஆயா, ஏரிக்கரையில் குடியிருந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே வரிசை. மெஷினில் ஒரு நியதி உண்டு. முன்னால் அரைத்தவர் மாவு கொஞ்சம் கல்லுக்குள் தங்கிவிடும். அது அடுத்தவர் பாத்திரத்தில்தான் விழும். ஆக எந்த வீட்டுப் படையல் அதிரசத்திலும் வேறொரு வீட்டு அரிசி ஒரு பிடியாவது இருக்கிறது. எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் மில் செய்த காரியங்களில் இதையே பெரிதாக நினைக்கிறேன்.

பஞ்ச காலத்துக் கதைகளும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அரிசிக்குப் பங்கீடு வந்தபோது காசளவு அதிரசமாக 21 தட்டி நோன்பு முடித்ததாக மாமியார் சொல்வார். 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகுதான் அதிரசம் பழைய அளவுக்குப் பெருத்ததாம். என் காலத்தில் கஷ்டம் சர்க்கரைக்கு. ரேஷன் அட்டைக்குக் கிடைக்கும் அளவில் காபி ஓடும், லட்டு பிடிக்க முடியாது. 1978இல் மத்திய அரசு கட்டுப்பாட்டை எடுத்தது. 1979 கடைசியில் திரும்பக் கொண்டுவந்தது. வெல்லத்துக்கு அட்டை தேவைப்படவில்லை. ஆசைப்பட்டவர்கள் சர்க்கரைக்கு அலைந்தபோது, நோன்பு வீடுகள் மளிகைக் கடையில் பாகு வெல்லம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தன.

பலகாரம் வீட்டைவிட்டுப் போனதற்குப் பெண்களின் சோம்பல்தான் காரணம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை வெளியிட்டபோதே, சொல்லித்தர ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லாத வீடுகள் வந்துவிட்டன. பிறகு 1965 போனஸ் சட்டம் வந்து தீபாவளிக்கு முன்பு ஆலைத் தொழிலாளர் கையில் மொத்தமாகப் பணம் சேர்ந்தது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அடுப்படியில் நாலு நாள் ஏது? அப்புறம் தீபாவளிச் சீட்டு. மாதாமாதம் கட்டினால் ஐப்பசியில் இனிப்பு, காரம், எண்ணெய், பருப்பு, பட்டாசு என்று அட்டைப்பெட்டி வீட்டுக்கே வரும். சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போய் அழுத வீடுகளும் எங்கள் தெருவில் உண்டு. இருந்தும் மறு வருஷம் இன்னொருவரிடம் கட்டினார்கள். அந்தப் பெட்டியில் எல்லாம் இருக்கும், நோன்பு அதிரசம் இருக்காது.

அதற்கு நேர்ச்சை ஒரு காரணம் என்றால், பக்குவம் இன்னொரு காரணம். அரிசி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும். வடித்து நிழலில் துணிமேல் பரப்பி, கையில் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளங்கையில் நீர் படியாது என்கிற நிலையில் மில்லுக்கு வர வேண்டும். மெஷினிலிருந்து மாவு சூடாக விழும். அப்படியே மூடிவைத்தால் வியர்த்துக் கட்டி தட்டும். உடனே ஆறவிட வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டால் விரலுக்குத் திரண்டு உருள வேண்டும். தட்டில் போட்டால் சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் அது பொரி உருண்டைக்கான பதம், அதிரசம் கடிக்க முடியாது. திரளும் முன்பே இறக்கிவிட்டால் எண்ணெயில் பிரிந்து போகும். ஏலமும் சுக்கும் தட்டிப்போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறி, மேலே நெய் தடவித் துணி கட்டி இரண்டு நாள் வைத்தால்தான் பாகில் மாவு ஊறும். பாக்கெட் மாவு காய்ந்தது. பாகிலிருக்கும் ஈரத்தையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும், அதிரசம் விறைக்கும். உலர்ந்த மாவில் ஏன் வரவில்லை என்று வருஷத்துக்குப் பலர் கேட்கிறார்கள், பதில் இதுதான்.

மழை எப்போதும் குறுக்கே வரும். 2015 தீபாவளி நவம்பர் 10ஆம் தேதி. அதற்கு முந்தைய இரண்டு நாளும் கொட்டித் தீர்த்தது. அரிசி உலரவே இல்லை. மின்விசிறிக்கு அடியில் பரப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதம் செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு புரண்டதில் ஊருக்கு எல்லாம் மறந்துபோயிற்று, எனக்கு அந்த உலராத அரிசியும் நினைவிருக்கிறது. அதற்கு முன் 2012இல் மின்வெட்டு. கரண்ட் வரும் நேரம் பார்த்து நடு இரவிலும் அரைத்துக் கொடுத்தோம்.

இப்போது வயல் இருந்த இடத்தில் மனைகள். 2014இல் வெளிவட்டச் சாலை திறந்த பிறகு அடுக்குமாடிகள் இன்னும் வேகமாக எழுந்தன. மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த நோன்பு புதிது. பழைய குடும்பங்களிலும் சிலர் 21 அதிரசம் எண்ணிக் கட்டிய பொட்டலத்தை வாங்கிப் படைக்கிறார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் வாங்கட்டும், சாமி கோபிக்காது. பாகு சேர்த்த மாவை வாங்கிவந்து வீட்டில் தட்டிச் சுடுகிறவர்களையும் நான் குறைசொல்லமாட்டேன்; அடுப்பாவது எரிகிறது, மகள் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். முடிந்தும் செய்யாதவர்களிடம்தான் எனக்கு வருத்தம். பாகுப் பதம் விரலில் இருக்கிற அறிவு. ஒரு தலைமுறை தொடாவிட்டால் அடுத்தது யாரிடம் கேட்கும்?

அமாவாசைக்கு மறுநாளே எங்கள் மலைமேல் முருகனுக்குக் கந்த சஷ்டி தொடங்கிவிடும். விரதக்காரர்கள் வீட்டில் பலகாரத்தை வைத்துக்கொள்ளமாட்டார்கள்; தட்டுத்தட்டாக அக்கம்பக்கத்துக்குப் போகும். அடுக்குமாடிக்காரர்களும் இப்படித்தான் அதிரசம் சாப்பிட்டுப் பார்த்தார்கள். போன வருஷம் அவர்களில் ஒரு பெண் அரிசியோடு மில்லுக்கு வந்தாள். “அம்மா, எங்களுக்கு நோன்பு கிடையாது. சும்மா செஞ்சு பார்க்கலாமா?” என்றாள். “தாராளமா செய்யும்மா. முதல்ல அரிசியைக் காட்டு” என்றேன்.

இந்த வருஷம் புதிதாகச் செய்ய நினைப்பவர்கள் மாவுப் பச்சரிசியாக வாங்குங்கள். பழைய அரிசியில் பாகு ஏறாது. வெல்லத்தில் மண் இருக்கும், கரைத்து வடிகட்டாமல் காய்ச்சாதீர்கள். காலையிலும் மாலையிலும் மில்லில் கூட்டம் நெரியும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள். ஈரம் சரியா என்று கையில் பிடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.